படத்தில் விழாத எரிச்சல்

எக்ஸ்ரே எடுப்பவர்களைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒன்று, பொத்தானை அமுக்குவதைத் தவிர இவர்களுக்கு வேறு வேலை கிடையாது. இன்னொன்று, அந்தப் பொத்தானை அமுக்கி அமுக்கியே இவர்கள் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். அவரையும் படுக்கவைத்துப் படம் எடுத்து அனுப்பினேன்.

எண்பதுகளில் தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். என் பெயர் ஜெயமேரி. டாக்டரைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் எக்ஸ்ரேக்குப் 'படம்' என்று பெயர், அதனால் நான் 'படக்காரம்மா'. ஃபிலிம் கழுவும் மருந்து நாற்றத்தோடு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர்களுக்கும், "அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லித் தூக்கத்திலும் அதையே உளறியவர்களுக்கும் நான் எழுதுவது புரியும். மற்றவர்களும் படிக்கலாம். என்றைக்காவது ஒருநாள் நீங்களும் அந்த மேஜைமேல் படுக்கத்தான் போகிறீர்கள்.

கரண்டு வைத்தியம்

நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் முழங்கால் வலி என்று வந்தார். கடலைக்காட்டில் குந்திக் குந்திக் களை எடுத்த முழங்கால். மேஜையில் படுக்கவைத்து, காலை நீட்டி, பக்கத்துக்கு ஒன்றாகப் படம் எடுத்தேன். மிஷின் 'டக்'கென்று ஒரு சத்தம் போட்டு ஓய்ந்தது. அவர் கண்ணை மூடி, இரண்டு கையையும் மார்மேல் வைத்து, பயபக்தியோடு படுத்திருந்தார். எழுந்திருக்கச் சொன்னேன். எழுந்தார், காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். படத்தை வாங்கவும் இல்லை, டாக்டரைப் பார்க்கவும் இல்லை.

அடுத்த வாரம் மறுபடி வந்து நின்றார். படம் எடுப்பது வேறு, வைத்தியம் வேறு என்று நான் எடுத்துச் சொன்னேன். எங்கள் வார்டு ஆள் சின்னக்கண்ணுவும் எடுத்துச் சொன்னார். சின்னக்கண்ணு என்னைவிட வயதில் மூத்தவர். ஆள் கூப்பிடுவது, பிடித்துப் படுக்கவைப்பது, கதவைக் காப்பது எல்லாம் அவர்தான். என்னை 'அக்கா' என்று அழைப்பார், ஏன் என்று அவருக்குத்தான் தெரியும். எங்கள் இரண்டு பேர் பிரசங்கத்தையும் பொறுமையாகக் கேட்ட அந்த விவசாயி சொன்னார்: "அதெல்லாம் சரிங்க. போன வாட்டி வச்சது நல்லாக் கேட்டுச்சு. இந்த வாட்டி கொஞ்சம் அழுத்தி வையுங்க."

மில்லும் மிஷினும்

ஆஸ்பத்திரிக்கு அடுத்த கட்டடம் மாவு மில். அந்த மோட்டார் ஓடத் தொடங்கினால் எங்கள் மிஷினுக்கு வோல்டேஜ் இறங்கிவிடும், படம் பனிமூட்டத்தில் எடுத்ததுபோல வெளுத்து வரும். அமாவாசைக்கு மில் விடுமுறை. அன்றைக்கு வோல்டேஜ் ஏறிக்கொண்டு படம் கருகும். இது தெரியாமல் வந்த புதிதில் தலையைப் பிய்த்துக்கொண்டேன். தெரிந்தபிறகு ரொம்ப வசதியாகிவிட்டது. படம் எப்படிக் கெட்டாலும் மில்லின்மேல் போட்டுவிடலாம்.

நெஞ்சுப் படம் எடுக்கும்போது மட்டும் மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஓர் ஏற்பாடு செய்தோம். சின்னக்கண்ணு வாசலில் நின்று சிவப்புத் துண்டை ஆட்டுவார், மில்லுக்காரர் நிறுத்துவார், நான் பொத்தானை அமுக்குவேன், துண்டு இறங்கும், மோட்டார் ஓடும். ஒரு மழைக்காலத்தில் ஊருக்கே சளி. துண்டு இறங்க நேரமில்லாமல் ஆடிக்கொண்டே இருந்தது. மாலையில் மில்லுக்காரர் உடம்பெல்லாம் மாவோடு நேரே என் அறைக்கு வந்து கேட்டார்: "உங்க நெஞ்சுப் படம் பளிச்சுனு வருது, சந்தோஷமுங்க. நின்னு நின்னு அரைச்ச கேப்பை மாவுல களி கெளறுனா கட்டி கட்டியா நிக்குது. அதுக்கு எந்த டாக்டர்கிட்டப் போறதுங்க?"

ஏட்டையா

பெண் ஒருத்தி படம் எடுக்கிறாள் என்றதும் சட்டையைக் கழற்ற மறுத்த ஆண்களை வரிசையில் நிறுத்தினால் பஸ் ஸ்டாண்டு வரை போகும். அதில் முதல் ஆளாக நிற்க வேண்டியவர் ஒரு போலீஸ் ஏட்டு. மீசை இரண்டு பக்கமும் முறுக்கி நின்றது. உத்தியோக மருத்துவப் பரிசோதனைக்காக நெஞ்சுப் படம் வேண்டும். சட்டையை மட்டும் கழற்றினார், பனியனைக் கழற்றமாட்டேன் என்றார். பனியனில் பித்தளைப் பொத்தான்கள், படத்தில் குண்டு பாய்ந்ததுபோல விழும் என்றேன். அசையவில்லை. கடைசியில் சின்னக்கண்ணு திரையைப் பிடித்துக்கொள்ள, நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, ஒருவழியாக அந்தப் பனியன் கழன்றது. படம் நன்றாக வந்தது. உறையைக் கையில் வாங்கியவர் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "ஊரு என்னைப் பார்த்துப் பயப்படுதும்மா. என் வெலா எலும்பு வரைக்கும் நீ பார்த்துட்டே. இனிமே இந்தப் பக்கம் ரோந்து வந்தா நான் எந்த மூஞ்சியோட வர்றது?"

பாதிப் படம்

மரியதாஸ் பென்னாகரம் கடைத்தெருவில் தையல்காரர். காலால் மிதிக்கிற மிஷின் ஒன்று, அதுதான் அவர் கடை, அதுதான் சொத்து. பல வருஷமாகச் சர்க்கரை. இரண்டு பாதங்களும் எரிகின்றன என்று மனைவி லூர்துவோடு வந்தார். மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிச்சல் என்றார். பகலில் மிஷின் பெடல் இரும்பு என்பதால் அதன்மேல் கால் இருக்கும்வரை கொஞ்சம் குளிர்ச்சி, அதற்காகவே துணி இல்லாத நேரத்திலும் சும்மா மிதித்துக்கொண்டிருப்பாராம். படுக்கையில் போர்வை பட்டாலும் துடித்துப்போவாராம். ஈரச் சாக்கைச் சுற்றிச் சுற்றி லூர்துவின் கை வெளுத்துப் போயிருந்தது.

இரண்டு பாதத்தையும் எடுத்தேன். மில் ஓடாத நேரம், படம் அழகாக வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு எலும்பில் ஒரு குறையும் இல்லை, இது சர்க்கரையால் வரும் நரம்பு வலி, சர்க்கரையைக் குறைத்தால்தான் வழி என்று மாத்திரை எழுதினார். மரியதாஸுக்கு அது போதவில்லை. வலது பாதத்துப் படத்தை என் ஜன்னலில் ஒட்டிவைத்து, துணியில் பழுது பார்ப்பதுபோல மூலை மூலையாகத் தேடினார். "எலும்பெல்லாம் எண்ணி வச்சாப்புல தெரியுதுங்க. நான் காட்ட வந்தது எரிச்சலு. அது எந்தப் பக்கம் விழுந்திருக்குது?" என்றார். எரிச்சல் படத்தில் விழாது என்றேன். அளவு எடுக்கத் தெரியாமல் கத்தரி பிடித்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இது பாதிப் படந்தானுங்களே, படக்காரம்மா."

தார் ரோடு

ஒரு வருஷத்துக்கும் மேலாக அவரைக் காணவில்லை. மே மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு முற்பகல். மரியதாஸ் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார், முகமெல்லாம் சிரிப்பு. காலில் செருப்பில்லை. பின்னால் லூர்து, அவள் கையிலிருந்த மஞ்சள் பையில் அவருடைய செருப்பு. எரிச்சல் நின்றால் பென்னாகரத்திலிருந்து எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். எரிச்சல் நின்றுவிட்டது. கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்து, இப்போது போர்வை என்ன, பாறாங்கல்லை வைத்தாலும் தெரியவில்லையாம். வழியில் எங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாமென்று வந்திருக்கிறார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் வேண்டிக்கொண்டது எங்கள் ஊர் மாதா என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

சின்னக்கண்ணு மட்டும் ரோட்டையும் அவர் பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தார் உருகி லாரி டயரில் ஒட்டிக்கொண்டு 'சர்சர்' என்று இழுபடுகிற வெயில். செருப்போடு நிற்கும் எங்களுக்கே உள்ளங்கால் சுட்டது. "சூடு தாங்குதுங்களா?" என்று கேட்டார். மரியதாஸ் கையைக் கூப்பி மேலே பார்த்துச் சொன்னார்: "சூடே தெரியலைங்க. மாதா என்னைத் தூக்கிக்கிட்டுப் போறாங்க."

ஈரக் காலடி

திருவிழா முடிந்து சில வாரம். லூர்து அவரைக் கையைப் பிடித்து இழுத்து வராத குறையாகக் கூட்டிவந்தாள். வலது பாதம் வீங்கியிருந்தது. நோவு இல்லை, காயம் இல்லை, வீக்கம் வரும் போகும், இவள்தான் விடமாட்டேன் என்கிறாள் என்று அவர் அலுத்துக்கொண்டார். அவள் சொன்னது இது. வாசல் கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் அவர் நடந்து போயிருக்கிறார். இடது கால் பதிவு எப்போதும்போல நடுவில் வளைந்து இருந்தது. வலது கால் பதிவில் அந்த வளைவே இல்லை, செங்கல்லை வைத்து எடுத்ததுபோல முழுசாக இருந்தது. கலியாணமான நாளாகக் கழுவுகிற தரை, அவர் காலடி தனக்குத் தெரியாதா என்றாள்.

பாதத்தைப் பிடித்து ஃபிலிம் பெட்டிமேல் வைத்தேன். இஸ்திரி போட்டு எடுத்த துணிபோலச் சூடாக இருந்தது. நான் அதைத் திருப்புகிறேன், அமுக்குகிறேன், அவர் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, யூனிஃபார்ம் துணி குவிந்து கிடக்கிறது என்று பேசிக்கொண்டே இருக்கிறார். படம் கருகி வந்தது. அன்றைக்கு அமாவாசை. மில் விடுமுறை, வோல்டேஜ் ஏறியிருக்கும் என்று மறுபடி எடுத்தேன். மறுபடியும் எலும்பெல்லாம் புகைபோல மங்கி வந்தது. இந்த முறை ஒன்று கண்ணில் பட்டது. பாதத்தின் நடுவில் இருக்கும் சின்னச் சின்ன எலும்புகள் வரிசை கலைந்து, பொரியை நசுக்கியதுபோலக் கிடந்தன.

டாக்டர் படத்தைப் பார்த்தார், வோல்டேஜ் என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். மிஷினில் அதே அளவை வைத்துச் சின்னக்கண்ணு பாதத்தை ஒன்று எடுக்கச் சொன்னார். எடுத்தேன். எலும்புகள் சுண்ணாம்பு அடித்ததுபோலப் பளிச்சென்று விழுந்தன. மிஷினில் ஒன்றுமில்லை. சின்னக்கண்ணு தன் பாதத்தை விளக்கில் பிடித்து ரசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கு மில்லுக்காரரு தப்பிச்சிட்டாருங்க, அக்கா."

காலர்

பழைய படம் வேண்டும் என்றார் டாக்டர். ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் வழி. மரியதாஸ் தலையைச் சொறிந்தார். எரிச்சல் விழாத படம் எதற்கு என்று அதைச் சட்டைக் காலர் அளவுக்கு வெட்டிவிட்டாராம். தையல்காரர்களுக்கு எங்கள் ஃபிலிமின்மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. அட்டை கசங்கும், இது கசங்காது. வழக்கமாகச் சுடுதண்ணீரில் போட்டுத் தேய்த்து, கண்ணாடிபோல ஆக்கிக்கொண்டு வெட்டுவார்கள். நல்லவேளை, வெள்ளைத் துணிமேல் கறுப்பு நன்றாகத் தெரியும் என்று இவர் கழுவாமல் வெட்டியிருந்தார். அவரை அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்தோம், மறுநாள் முதல் பஸ்ஸில் லூர்து அதைக் கொண்டுவந்தாள். ஓரமெல்லாம் துணியில் கோடு போடும் சாக்பீஸ் தூள் ஒட்டிய ஒரு பாதிக் காலர், அதற்குள் விரல்களை நோக்கிப் போகும் எலும்புகள் வரிசையாக.

டாக்டர் காலரையும் புதுப் படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அதே பாதம், அதே மிஷின். காலரில் எலும்பு வெள்ளை, படத்தில் சாம்பல். "எரிச்சல் குணமாகி நிக்கலை. எரியுதுன்னு சொல்ற நரம்பே செத்துப்போச்சு. நரம்பு போற கால்ல எலும்புல இருக்கற சுண்ணாம்பும் கூடவே கரையுது. ஏன்னு கேட்டா எனக்கு முழுசாத் தெரியாது, பெரிய பெரிய டாக்டருங்களே இன்னும் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. அந்த இளைச்ச எலும்போட இத்தனை தூரம் நடந்திருக்கீங்க. அது ஒடைஞ்சிருக்குது, ஒடைஞ்சதைச் சொல்ல ஆளில்லை," என்றார். இனிமேலும் அந்தக் காலை ஊன்றினால் எலும்பு நொறுங்கி, அடியில் புண்ணாகி, சேலத்துக்குப் போய்க் காலை எடுக்க வேண்டி வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மரியதாஸ் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார், வேறு யாருடையதோபோல. மிஷினை மிதிக்கிற கால் அது. லூர்து யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "எரிச்சல் நிக்கணும்னுதான் வேண்டினோம். நின்னுபோச்சு. வேற எதையும் நாம கேக்கலைங்களே."

பெல்ட்

முழங்கால்வரை மாவுக்கட்டு. மாதக் கணக்கில் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. கேட்க எளிது. உங்களில் கால் சுளுக்கியவர்கள் யோசித்துப் பாருங்கள், உங்களை உட்காரவைத்தது டாக்டரா, வலியா? வலிக்காத காலைச் சும்மா வைத்திருப்பது எப்படி என்று மரியதாஸுக்குப் புரியவில்லை. மூன்றாம் வாரம் வந்தபோது மாவுக்கட்டின் அடிப்பகுதி அப்பளமாக நொறுங்கியிருந்தது. யூனிஃபார்ம் சீசனாயிற்றே, கட்டோடு மிதித்திருக்கிறார். டாக்டர் கத்திய கத்தலில் மில்லுக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

புதுக் கட்டுப் போட்டு அனுப்பினோம். அடுத்த முறை வந்தபோது கட்டு போட்டபடியே இருந்தது, நகத்தால் கீறிய தடம்கூட இல்லை. மனுஷர் திருந்திவிட்டார் என்று பாராட்டப் போனேன். மரியதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லூர்து இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துக் காட்டினாள், மிஷின் சக்கரத்தைச் சுற்றி ஓடும் தோல் பெல்ட். அது இல்லாமல் எவ்வளவு மிதித்தாலும் ஊசி இறங்காது. பக்கத்துக் கடைத் தையல்காரர்களிடம் பேசி, காஜா எடுக்கவும் பொத்தான் வைக்கவும் கைவேலை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பெல்ட்டைத் திருப்பி இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்: "இவரு காலைக் கட்டிப்போட என்னால ஆவலைங்க. மிஷினு காலைக் கட்டிட்டேன்."

ஷூவுக்குள்

அதற்குப் பிறகு டாக்டருக்கு ஒரு பழக்கம் வந்தது. சர்க்கரை உள்ளவர் எதற்கு வந்தாலும், பல்வலிக்கே வந்தாலும், முதலில் பாதத்தைப் பார்ப்பார். ஆள் உள்ளே இருக்கும்போது வெளியே கிடக்கும் செருப்பை உதறிப் பார்ப்பது சின்னக்கண்ணு பொறுப்பு. கடத்தூரிலிருந்து ஒரு மிராசு, அவருக்கும் சர்க்கரை, இருமலுக்கு நெஞ்சுப் படம் எடுக்க வந்தார். பளபளவென்று ஷூ. சின்னக்கண்ணு கவிழ்த்தார், பீரோ சாவி ஒன்று 'ணங்'கென்று விழுந்தது. அந்தச் சாவியைக் காணோம் என்று வீட்டையே புரட்டி, வேலைக்காரர்களைச் சந்தேகப்பட்டு, ஆசாரியைக் கூட்டிவந்து பீரோவை உடைத்திருக்கிறார்கள். சாவி அவர் பாதத்துக்கு அடியிலேயே இருந்திருக்கிறது, பாதத்தில் அதன் அச்சும் பதிந்திருந்தது. அவர் பாதத்தையும் படம் எடுக்க வேண்டும் என்றேன். அவர் கவலை வேறாக இருந்தது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இப்ப வூட்டுக்குப் போயி, எங்கெருந்து எடுத்தேன்னு சொல்றதும்மா?"

சத்தம்

மரியதாஸ் கால் தப்பியது. கடைசிப் படத்தில் நடு எலும்புகள் ஒன்றோடொன்று கூடியிருந்தன. கோணல்தான். வலது பாதம் பலகைபோலத் தட்டையாகிவிட்டது, அதற்கென்று அளவெடுத்து மெத்தென்ற செருப்பு தைத்துப் போட்டுக்கொண்டார். மாவுக்கட்டு பிரித்த அன்று லூர்து இடுப்பிலிருந்த பெல்ட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இனி இடது காலால் மட்டும் மிதிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தக் காலும் பெடலில் இருக்கிறதா இல்லையா என்று அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்தால்தான் தெரியும். சர்க்கரைக்கு ஊசி போட ஆரம்பித்திருந்தார்கள். லூர்துவே போடக் கற்றுக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் இருவரும் வந்தார்கள். கையில் ஒரு பொட்டலம். நாங்கள் படம் எடுக்கும்போது மாட்டிக்கொள்ளும் ஈயக் கவசத்தின் மேல்துணி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது, அதை அவர் எப்போதோ கவனித்திருக்கிறார். காக்கித் துணியில் இரட்டைத் தையல் போட்டுப் புது உறை தைத்துக் கொண்டுவந்திருந்தார். உறைக்குப் பதிலாகத் தன் காலரைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டார். தர முடியாது, டாக்டர் அதை விளக்குப் பெட்டியிலேயே மாட்டிவைத்து, வருகிற சர்க்கரைக்காரர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார் என்றேன். "இருக்கட்டுங்க, அந்த அளவு காலரு இப்ப யாரும் போடறதில்ல," என்று விட்டுக்கொடுத்தார்.

கிளம்பும்போது வாசலில் நின்று, ஏதோ நல்ல சேதி சொல்லப்போகிறவர்போலத் தயங்கினார். இடது கால் சில நாளாக எரிகிறது என்றார். பழையபடி, மிளகாய் பூசியதுபோல. அடடா என்று நான் வாயைத் திறந்தேன். லூர்துவைப் பார்த்தேன், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஈரச் சாக்குச் சுற்றுகிறாளாம். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அந்தக் காலில் நரம்புக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, பாதத்தைத் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். எரிச்சலுக்கு மாத்திரை கேட்டீர்களா என்றேன். மரியதாஸ் இடது காலைச் செருப்போடு தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்: "எரியட்டும் வுடுங்க, படக்காரம்மா. ஆளு இருக்கற வூட்லதானே சத்தம் கேக்கும்."

எத்தனையோ ஆயிரம் எலும்புகளைப் படம் பிடித்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றேன், அவர் கேட்ட அந்த மீதிப் பாதிப் படத்தை எடுக்கிற மிஷின் மட்டும் கடைசிவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவில்லை.